வெள்ளைத் துணியில் ஒட்டாத மஞ்சள்

மராத்தி பேசுகிற எங்கள் ஊரில், ஔந்து பகுதியில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு மலர் போடுகிறார்கள். அதைப் பார்த்துக்கொள்கிற கார்த்திக் என்பவர் கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. போன மாதம் போனில் கூப்பிட்டார்.

"மேடம், நீங்க முப்பத்தி நாலு வருசம் நர்ஸா இருந்தீங்கன்னு சொன்னாங்க. என் மாமனாருக்குப் பித்தநாளத்துல தொற்று வந்துருச்சுங்க. பொழச்சுட்டாரு. ஆனா வீட்டுல யாருக்கும் ஒண்ணும் புரியலைங்க. அறிகுறின்னு அஞ்சு பாயிண்ட், காரணம்னு அஞ்சு பாயிண்ட், ரெண்டு பக்கத்துல எழுதிக் குடுத்தீங்கன்னா மலர்ல போட்டுறலாம்."

"ஆகட்டும் தம்பி" என்று சொல்லிவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் பழக்கம்தான். ஆனால் பத்து பாயிண்ட் எழுத உட்கார்ந்து மூன்று வாரம் ஆகிறது. அறிகுறி என்று தலைப்புப் போட்டு 'மஞ்சள்' என்று எழுதியதும் பேனா நின்றுவிடுகிறது. எழுந்து போய் டீ போடுகிறேன். திரும்பி வந்தால் அந்த ஒரு சொல்தான் காகிதத்தில் இருக்கிறது. எங்கள் சந்துச் சரோஜா அக்கா நினைப்பில் அதற்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள், நகர மாட்டேன் என்கிறாள். ஆகவே கார்த்திக் தம்பி மன்னிக்க வேண்டும், எனக்கு வருகிற மாதிரிதான் எழுதப்போகிறேன்.

நான் பிறந்தது போபோடியில். அப்பா கட்கியில் தொழிற்சாலை வேலை. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்று வருஷம் படுக்கை விரித்தேன், பெட்பான் எடுத்தேன், மராத்தியில் திட்டு வாங்கினேன், அதே மராத்தியில் திருப்பித் திட்டவும் கற்றுக்கொண்டேன். அப்புறம் ஊருக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை வார்டில் போட்டார்கள். அங்கேதான் குல்கர்ணி சிஸ்டரிடம் வந்து சேர்ந்தேன்.

குல்கர்ணி சிஸ்டர் வார்டுக்கு இன்சார்ஜ். ஒல்லி உடம்பு, மூக்குக்கண்ணாடி, குரலே எழும்பாது. யாராவது ஓடினால் "காயி நகோ" என்பார், அவசரம் வேண்டாம் என்று. திட்டவே மாட்டார். அதுதான் பெரிய கஷ்டம். திட்டுகிறவர்களிடம் நான் சண்டை போட்டு ஜெயித்துவிடுவேன், திட்டாதவரிடம் என்ன செய்வது?

மஞ்சள் காமாலை என்று சந்தேகம் வந்தால் அவர் பார்க்கிற முறை ஒன்று இருந்தது. மராத்தியில் காமாலைக்குக் காவீள் என்று பெயர். டியூப்லைட் வெளிச்சத்தில் காவீள் பார்க்கிறவளுக்குக் கண் இருந்தும் பிரயோஜனம் இல்லை என்பார். கட்டிலின் சக்கரப் பூட்டைத் தானே காலால் தட்டித் திறப்பார். கட்டிலைக் கிழக்கு ஜன்னல் வரை தள்ளிக்கொண்டு போவார். கையைக் கழுவி, இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடு பண்ணிக்கொள்வார். நோயாளியிடம் "உன் கால் கட்டைவிரலைப் பார்" என்பார். அவன் கீழே பார்க்கும்போது மேல் இமையைப் பெருவிரலால் தூக்குவார். அப்போது தெரிகிற வெள்ளை விழியைத்தான் நம்பலாம். பிறகு நாக்கைத் தூக்கச் சொல்லி அடிப்பக்கம் பார்ப்பார். கடைசியாகச் சிறுநீரைக் கண்ணாடிப் பாட்டிலில் வாங்கி ஜன்னலுக்கு நேராகப் பிடிப்பார். 'கறுப்பாக இருக்கிறது' என்று நான் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். எந்தக் கறுப்பு, பால் விடாத டீயா, புளிக்கரைசலா? மலம் வெளுத்திருந்தால் எந்த வெளுப்பு, சோள மாவா, சுண்ணாம்பா? சாப்பிடப் போகிற நேரத்தில்கூட அவர் விடவில்லை. ரொம்ப நாள் எனக்குப் பாக்ரி என்கிற சோள ரொட்டியைப் பார்த்தால் வார்டு ஞாபகம்தான் வரும்.

இதெல்லாம் முடிகிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. பார்த்த பிறகுதான் பேச்சு. அது அவருடைய சட்டம்.

ஒரு சமயம் தாபோடியிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கொண்டுவந்தார்கள். முப்பது வயது இருக்கும். காய்ச்சலில் அவன் நடுங்கியதில் கட்டிலே கடகடவென்று ஆடியது. மலேரியா என்று வார்டில் எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். அவன் தலையில் சின்னச் சின்ன வேர்த்துண்டுகள் கோத்த ஒரு வளையம். இந்தப் பக்கத்தில் காமாலைக்கு அப்படி ஒரு மாலை கட்டுவார்கள். முதலில் உச்சந்தலையில் வளையமாக நிற்கும். நாள் ஆக ஆக வேர் காய்ந்து முடிச்சு தளர்ந்து நீண்டுகொண்டே வந்து கழுத்துக்கு இறங்கும். மாலை நீண்டால் காமாலை இறங்குகிறது என்று அர்த்தமாம். இவனுக்கு அது காது வரை வந்திருந்தது, காமாலை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

குல்கர்ணி சிஸ்டர் ஜன்னலோரம் வைத்துக் கண்ணைப் பார்த்தார். வலது விலாவுக்குக் கீழே கையை வைத்தார். அவன் துள்ளினான். என்னிடம் திரும்பி மூன்று விரலைக் காட்டினார். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், வலது பக்க மேல்வயிற்றில் வலி, கண்ணில் மஞ்சள். மூன்றும் சேர்ந்து வந்தால் பித்தம் போகிற குழாயில் அடைப்பு, அடைப்புக்குப் பின்னால் சீழ், டாக்டரை இப்போதே கூப்பிடு என்று அர்த்தம். அந்தக் காலத்தில் வயிற்றைத் திறந்துதான் கல்லை எடுப்பார்கள். தியேட்டருக்குக் கொண்டுபோகும்போது மாலையைக் கழற்ற அவன் விடவில்லை. வேறு யாராக இருந்தாலும் கத்தரித்துக் குப்பையில் போட்டிருப்பார்கள். சிஸ்டர் அதை மெதுவாகக் கழற்றி, காஸ் துணியில் சுற்றி, கட்டில் கம்பியில் கட்டி, "திரும்பி வரும்போது இங்கேயே இருக்கும்" என்றார். பத்தாம் நாள் அவன் எழுந்து நடந்தபோது அந்த மாலைக்குத்தான் கும்பிடு போட்டான். எனக்கு வயிறெரிந்தது. சிஸ்டர் சிரித்துவிட்டு, "அவனுக்கு மலம் மஞ்சளாகப் போகிறது, எனக்கு அது போதும்" என்றார்.

கார்த்திக் தம்பி கேட்ட காரணங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடுவேன். கல்லீரலில் ஊறுகிற பித்தம் ஒரு மெல்லிய குழாய் வழியாகக் குடலுக்கு இறங்குகிறது. பித்தப்பையிலிருந்து ஒரு கல் நழுவி அந்தக் குழாயில் உட்கார்ந்துகொள்ளலாம். பழைய ஆபரேஷன் தழும்பில் குழாய் சுருங்கிப்போகலாம். கட்டி அழுத்தலாம், நாக்குப்பூச்சிகூட ஏறிக்கொள்ளலாம், முன்பு வைத்த குழல் அடைத்துக்கொள்ளலாம். தேங்கின பித்தத்தில் குடலிலிருந்து கிருமி ஏறுகிறது. பித்தப்பையையே எடுத்துவிட்டோமே, இனிமேல் எங்கே கல் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. எடுத்த பிறகும் குழாய்க்குள்ளேயே கல் வரலாம். எத்தனையோ பேருக்கு நான் இதைச் சொல்லியிருக்கிறேன். சொல்ல வேண்டிய அன்றைக்குச் சொல்லவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் அது. குல்கர்ணி சிஸ்டர் போய் வெகு காலம் ஆகி, அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். ஆடி மாத மழை. காலை பதினோரு மணிக்கே இருட்டு, வார்டு முழுக்க டியூப்லைட். சாரல் அடிக்கிறது என்று ஜன்னலையெல்லாம் சாத்தியிருந்தோம். எங்கள் சந்தில் நான்கு வீடு தள்ளி இருக்கும் சரோஜா அக்காவை அவள் மகன் குமார் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தான். அக்காவுக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது. அவள் வீட்டுக்காரரும் தொழிற்சாலைதான், சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். அக்கா மஞ்சள் தேய்த்துக் குளிக்காத நாளை நான் பார்த்ததில்லை. சந்தில் அவள் வருவதற்கு முன்னால் அந்த வாசனை வரும். முகம், கழுத்து, கை, பாதம் எல்லாம் மஞ்சள். சாயம் ஏறி ஏறி நகக்கண்கூட நிறம் மாறியிருக்கும்.

"லலிதாக்கா, அம்மா நாலு நாளா சரியா சாப்புடல. நேத்துலேர்ந்து பேச்சு ஒரு மாரி இருக்குது" என்றான் குமார். "காச்சல்லாம் இல்ல. வலிக்குதான்னு கேட்டா இல்லன்றாங்க."

அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கிடந்தாள். "அடுப்புல பால் வெச்சிருக்கேன், யாராச்சும் எறக்குங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, நாடி பார்க்க வந்த டாக்டரைத் தம்பி என்று கூப்பிட்டு, ஊரில் மழையா என்று விசாரித்தாள்.

அந்த டாக்டர் சின்ன வயசு, நாக்பூர்க்காரர். நல்ல கவனமான ஆள். வயிற்றில் பழைய தழும்பைப் பார்த்தார். பித்தப்பையை எடுத்து எட்டு வருஷம் ஆகிறது என்றான் குமார். கேஸ் பேப்பரில் ஏதோ எழுதினார். பிறகு அக்காவின் கையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"சிஸ்டர், பீலா லக் ரஹா ஹை. காவீள் தோ நஹி?"

மஞ்சளாகத் தெரிகிறதே, காமாலை இல்லையே என்று கேட்கிறார். அந்த வார்டில் தமிழச்சி நான் ஒருத்திதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நஹி சார், வோ ஹல்தி ஹை. ஹமாரே லோக் ரோஜ் லகாதே."

அது மஞ்சள், எங்கள் ஆட்கள் தினமும் பூசுவார்கள். சொல்லிவிட்டு இன்னும் ஒரு தரம் சிரித்தேன். அவரும் சிரித்தார். 'காமாலை?' என்று எழுதியிருந்ததன்மேல் ஒரு கோடு போட்டார். நேரான, சுத்தமான கோடு. வயதான உடம்பு, சாப்பாடு இறங்கவில்லை, நீர்ச்சத்துக் குறைவு, சிறுநீரில் தொற்று இருக்கலாம் என்று முடிவாயிற்று. குளுக்கோஸ் ஏற்றினோம். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் கல்லீரலுக்கான கட்டத்தில் டிக் போடவில்லை. என்ன அவசியம், அதுதான் ஹல்தி ஆயிற்றே.

கட்டிலை ஜன்னலுக்குத் தள்ளவில்லை. இமையைத் தூக்கவில்லை. நாக்கடி பார்க்கவில்லை. சிறுநீர் பிடிக்கிற பிளாஸ்டிக் பை கறுத்திருந்ததைப் பார்த்தேன், தண்ணீர் குடிக்காததால் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் தினமும் செய்ததை அன்றைக்கு ஏன் செய்யவில்லை என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மழை என்பேன், கூட்டம் என்பேன். தெரிந்த முகம், தெரிந்த மஞ்சள் என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் அரைகுறையாகத்தான் இருக்கிறது.

மறுநாள் காலை டியூட்டிக்கு வந்ததும், நம்ம ஆளாச்சே என்று அக்காவுக்கு நானே உடம்பு துடைத்துவிட்டேன். வெந்நீர், சோப்பு, வெள்ளைத் துணி. நெற்றி, கன்னம், கழுத்து எல்லாம் அழுத்தித் துடைத்தேன். துணியைப் பேசினில் அலசப் போனால் தண்ணீர் தெளிவாகவே இருக்கிறது. துணியை விரித்துப் பார்த்தேன், வெள்ளை வெளேரென்று இருந்தது. மஞ்சள் பூசின உடம்பைத் துடைத்தால் துணி என்ன கதியாகும் என்று நம் வீட்டுத் தலையணை உறையைக் கேட்டால் தெரியும். நான் திரும்பி அக்காவின் கன்னத்தைப் பார்த்தேன். நேற்றைக்கு இருந்த மஞ்சள் அப்படியே இருந்தது.

பூட்டைக் காலால் தட்டிக் கட்டிலைத் தள்ளினேன், ஜன்னலைத் திறந்தேன், சாரல் அவள் மேல் அடித்தது. "அக்கா, கால் கட்டைவிரலப் பாருக்கா" என்றேன். அவள் பார்க்கவில்லை. நானாகவே இமையைத் தூக்கினேன். விழி எலுமிச்சம்பழ நிறம். கை ஜில்லென்று இருந்தது. தெர்மாமீட்டர் சாதாரணத்துக்கும் கீழே காட்டியது. ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருந்தது. வயதானவர்களுக்குச் சில சமயம் காய்ச்சலே வராது, வலியும் சொல்ல மாட்டார்கள், புத்தி தடுமாறுவதுதான் முன்னால் வந்து நிற்கும். மூன்று விரலில் இரண்டு மடங்கிக் கிடக்க, மிச்சமிருந்த ஒன்றை நான் என் கையாலேயே மடக்கிவிட்டிருந்தேன்.

நாக்பூர் டாக்டரை வராந்தாவில் நின்று கத்திக் கூப்பிட்டேன். காயி நகோ எல்லாம் எங்கேயோ போயிற்று. அன்று மத்தியானமே வாய் வழியாகக் குழாய் விட்டு அடைப்பைத் திறந்தார்கள். சீழ் பீறிட்டு வந்ததாம், உள்ளே ஒரு கல்லும் இருந்ததாம். பதினொரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து அக்கா பிழைத்துக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு வாக்கர் இல்லாமல் அவள் நடக்கவில்லை. அந்த ஒரு நாள் தாமதத்தால் அப்படி ஆயிற்றா, வயதால் ஆயிற்றா? மூன்று டாக்டரிடம் கேட்டேன், மூன்று பதில் வந்தது.

கோடு போட்டதைப் பெரிய டாக்டர் கேட்டபோது நாக்பூர் டாக்டர் "என் தப்பு சார்" என்று சொன்னார். நான் அங்கேயே கையில் டிரேயோடு நின்றுகொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. ஊர் வாயெல்லாம் அடக்குகிற என் வாய். அப்புறம் எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். துணியைப் பார்த்தே கண்டுபிடித்த சிஸ்டர் என்று நர்ஸ் தினத்தில் மேடையில் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். குமார் எனக்கு இன்றைக்கும் பொங்கலுக்குப் புடவை கொண்டுவருகிறான், "எங்கம்மாவக் காப்பாத்துனவங்க" என்று தன் பிள்ளைகளிடம் காட்டுகிறான். வாங்கிக்கொள்கிறேன். வேறு என்ன செய்ய? காப்பாற்றினதும் நான்தான், பொய் இல்லை. அந்தப் புடவைகள் பீரோவில் அடுக்கடுக்காக இருக்கின்றன, ஒன்றையும் கட்டவில்லை.

இந்தக் கட்டுரை வந்தால் மலர் போபோடிக்கும் வரும். குமாரின் பெண்ணுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், ஆனாலும் ஆயாவுக்குப் படித்துக் காட்டிவிடுவாள். அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று போன ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். குமார் வீட்டில் இல்லை. அக்கா வாக்கரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். மஞ்சள் வாசனை வழக்கம் போல இருந்தது.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். "அக்கா, அன்னிக்கு டாக்டர் சரியாத்தான் கேட்டாரு. நான்தான் காமாலை இல்ல, மஞ்சள்னு சொல்லிட்டேன். ஒரு நாள் வீணாப் போச்சு. உன் காலு போனது என்னாலயாக்கூட இருக்கலாம்."

அவள் கொத்தமல்லியை ஆய்ந்துகொண்டே இருந்தாள். "தெரியும்" என்றாள்.

"இன்னாக்கா தெரியும்?"

"நீ சொன்னது காதுல உழுந்துச்சு. ஹல்தி ஹைன்னு சொன்னே. அம்பது வருசமா இந்த ஊர்ல கீறேன், இது புரியாதா? புத்தி அப்பப்ப தெளியும், அப்பப்ப போவும். நீ சொல்லச்சே தெளிஞ்சுதான் இருந்துச்சு."

நானும் ஒரு கொத்துக் கொத்தமல்லியை எடுத்து ஆயத் தொடங்கினேன்.

"நான் குளிச்சே நாலு நாள் ஆயிருந்துச்சு லலிதா. எழுந்துக்கவே முடியல, எங்க குளிக்கறது? மஞ்சக் கெழங்கு குளிக்கற மோரியில கல்லு மேலயே காஞ்சு கெடந்துச்சு."

ஒரே ஒரு கேள்வி. அக்கா எப்போது குளித்தாள் என்று நானும் கேட்கவில்லை, குமாரும் சொல்லவில்லை. "அப்பவே சொல்றதுக்கு இன்னாக்கா?" என்றேன். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. யார் மேல் கோபம் என்று தெரியவில்லை.

"சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன்" என்றாள் அக்கா. "நீ சிரிச்சே. நம்ம சந்துப் பொண்ணு, டாக்டருக்கே சொல்லிக் குடுக்குதேன்னு எனக்கு அவ்ளோ பெருமையா இருந்துச்சு. அத்தினி பேரு முன்னால உன்னப் பொய்யாக்க மனசு வரல."

கொத்தமல்லிக் காம்புகளைத் திரட்டி என் கையில் கொடுத்து, குப்பையில் போடச் சொன்னாள். போட்டுவிட்டு வந்தேன். டீ குடித்துவிட்டுப் போ என்றாள், குடித்தேன்.

கார்த்திக் தம்பிக்கு ஒன்பது பாயிண்ட் மேலே எங்கெங்கோ இருக்கும், பொறுக்கி எடுத்துக்கொள்ளட்டும். பத்தாவது, அக்கா சொன்ன அந்தப் பெருமை. அதை அறிகுறியில் சேர்ப்பதா, காரணத்தில் சேர்ப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.